ஆறு பேர், இரண்டு டன் வண்டி, நாற்பது கொண்டை ஊசி: சென்னை–வால்பாறை ஐந்து நாள் குறிப்புகள்

நாள் 0 – சென்னை, புறப்படுவதற்கு முந்தைய மாலை

வண்டி டொயோட்டா ஃபார்ச்சூனர். 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், 4x4. நீளம் 4,795 மி.மீ., அகலம் 1,855 மி.மீ., டேங்க் 80 லிட்டர். போகிறவர்கள் ஆறு பேர்: கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பத்து வயதுப் பெண், மூன்று வயதுப் பையன். பெரிய எஸ்யூவி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இதே ஆள்கணக்குதான் இருக்கும். அதனால் இந்தக் குறிப்புகள் ஸ்கார்பியோ, சஃபாரி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெரிய வண்டிதானே என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றிவிடுகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆர்.சி.யில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வண்டியின் வெறும் எடை, மற்றது ஆட்களும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நமக்கு அனுமதித்த பாரம். இந்த அளவு வண்டிகளில் அது அரை டன்னை ஒட்டி வரும். ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் நான்கு பேர் தலா 68 கிலோ என்றால் 272. பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 45. பெட்டிகள் 60, தண்ணீர் கேன் 20, குழந்தை இருக்கையும் சில்லறைச் சாமான்களும் 20. ஆகக்கூடி 417 கிலோ. இதற்கு மேல் கூரையில் கேரியர் கட்டி இன்னும் மூன்று பெட்டி ஏற்றினால், அளவுக்குள் நின்றாலும் அந்தப் பாரம் வண்டியின் உச்சந்தலையில் போய் உட்காரும். உயரமான வண்டியில் அது வளைவுக்கு வளைவு உடம்பை வெளிப்பக்கம் சாய்க்கும். கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்பது கையேட்டில் இருக்கிறது, அந்தக் கணக்கில் கேரியரின் எடையும் சேரும். மலைக்குப் போகும்போது கூரை காலியாக இருப்பதே நல்லது.

சரி, பெட்டிகளை எங்கே வைப்பது? இந்த வண்டியில் மூன்றாம் வரிசை இருக்கைகள் இரண்டும் தனித்தனியாக மடங்கிப் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஏழு இருக்கையையும் விரித்தால் டிக்கியில் இரண்டு நடுத்தரப் பெட்டிகள்தான் நிற்கும். ஆறு பேர் என்றால் ஒரு பக்க இருக்கையை மட்டும் விரித்து, மறுபக்கத்தை மடக்கிக் கொக்கியில் மாட்டிவிடலாம். கனமான பெட்டி தரையில், இரண்டாம் வரிசை முதுகோடு ஒட்டி இருக்கட்டும். துணிப்பை அதன் மேல் போகும். 20 லிட்டர் கேனை நிற்கவைத்துப் பட்டையால் கட்டிவிடுங்கள். கட்டாத கேன் அவசர பிரேக்கில் 20 கிலோ கல்லாக முன்னால் பறந்து வரும். இருக்கை முதுகின் உயரத்தைத் தாண்டி எதையும் அடுக்க வேண்டாம்.

குழந்தை இருக்கையை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில் பல வீடுகளில் குழப்பம். ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலும் இருக்கின்றன. எந்தப் பக்கம் மாட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் இருக்கையைக் கவிழ்க்க முடியாது, மூன்றாம் வரிசைக்குப் போகும் வழி அங்கே அடைபட்டுவிடும். இடது பக்கம் மாட்டினால், பின்னால் உட்கார்பவர் ஒவ்வொரு முறையும் சாலைப் பக்கத்துக் கதவு வழியாக ஏறி இறங்க வேண்டும். அதனால் ஓட்டுநருக்குப் பின்னால் வலது பக்கம் மாட்டுவதே சரி. பையனை வீட்டு வாசலிலும் ஓட்டல் வளாகத்திலும் மட்டும் ஏற்றி இறக்குங்கள், சாலையோரத்தில் வேண்டாம். மாட்டியபின் இருக்கையின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் கொக்கி சரியாக விழவில்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை. 50 கி.மீ. வேகத்தில் மோதினால் அந்தப் பிடி நிற்காது.

அடுத்தது டயர். 265/60 ஆர்18 அளவில் 110 என்று ஓர் எண் இருக்கும். ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று பொருள். அந்தத் தாங்குதிறன் காற்று சரியாக இருந்தால் மட்டுமே. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், காற்றின் அளவு அதில்தான். காத்தடிக்கும் கடைக்காரர் பழக்கத்தில் சொல்லும் அளவு வேறாக இருக்கலாம். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றபின், காலையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டனின் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. வரை குறையலாம். ஈரமான மலைப்பாதைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போன டயரை எடுத்துப் போக வேண்டாம்.

பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் இன்றே பார்த்தாக வேண்டும். பிரேக் ஆயில் ஏன் என்பதை இறங்கும் நாளில் விரிவாக எழுதுகிறோம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: கடைசியாக மாற்றி இரண்டு வருடமோ 40,000 கிலோமீட்டரோ ஆகியிருந்தால், மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

நாள் 1 – சென்னை முதல் பொள்ளாச்சி, சுமார் 540 கி.மீ.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் செங்கல்பட்டைப் பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பே தாண்டிவிடலாம். திண்டிவனம், விழுப்புரம் வழியாக உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து சேலம், பிறகு கோவை புறவழி, பொள்ளாச்சி.

பரனூரில் ஆரம்பித்து கணியூர் வரை சுங்கச்சாவடிகள் வந்துகொண்டே இருக்கும். இந்த வழியில் வருடத்துக்கு மூன்று நான்கு முறை போகும் குடும்பமென்றால் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் லாபம். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாயில் தொடங்கியது. ஒரு வருடம் அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சொந்த உபயோக வண்டிகளுக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி மாநிலச் சாலைகளில் வழக்கம்போலப் பணம் போகும். ஃபாஸ்டேக் சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிவாகியிருந்தால் பாஸ் கிடைக்காது. புது வண்டி எடுத்தவர்கள் பதிவு எண்ணை ஏற்றிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கம் சின்னச் செலவு, பெரிய செலவு வண்டி வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் இன்ஜின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் தரை இடைவெளி என்று அமைந்த எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலையை மட்டும் பார்த்துக் கடன் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

உளுந்தூர்பேட்டை–சேலம் பகுதியில் கவனம் கூடுதலாக வேண்டும். நான்கு வழியாக வரும் சாலை கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி போன்ற ஊர்களின் புறவழியில் நடுத்தடுப்பு இல்லாத இருவழியாகக் குறுகியிருந்ததால் நேருக்கு நேர் மோதல்களுக்குப் பெயர்போன பாதை இது. விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில் மாற்றுவழிப் பலகைகள் திடீரென்று வரும். பாரம் ஏற்றிய பெரிய வண்டி முந்தும்போது, தனி ஆளாக ஓட்டிப் பழகிய அதே வேகம் வராது. காலி வண்டியில் கை பழகிய முந்தும் கணக்கை இன்று ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் லாரிக்கும் நமக்கும் நடுவே மூன்று விநாடி இடைவெளி, மழையில் ஐந்து விநாடி. உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேகம் குறைவாகத் தோன்றும். கண்ணை நம்பாமல் மீட்டரைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை ஓட்டத்தில் இன்னொரு நன்மை உண்டு. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைப்போக்கி வழியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி தானாக எரிந்து சாம்பலாக வேண்டுமானால் உள்ளே சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக்கடை, கோயில் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டத்திலேயே வாழும் வண்டிக்கு அந்த வெப்பம் வருவதே இல்லை. கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இழுவை குறைகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் 60–80 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இந்த வண்டியில் கையால் எரிக்கும் பொத்தானும் உண்டு. திரையில் கேட்டால் மட்டும், திறந்த வெளியில், காய்ந்த புல் இல்லாத தரையில் நிறுத்திவிட்டு அழுத்த வேண்டும். இன்ஜின் ஓசை கூடும், புகைக்குழாய் கடுமையாகச் சுடும். பிள்ளைகளைப் பின்பக்கம் விடாதீர்கள். எரிந்து முடியும்வரை இன்ஜினை அணைக்கவும் கூடாது. பாதியில் அணைத்து அணைத்து விட்டால் எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேலே ஆயில் தெரிந்தால் அதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆயிலும் குறைந்த சாம்பல் தரும் சி வகையாகவே இருக்க வேண்டும். விலை குறைவு என்று பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், எரித்தும் போகாது.

பொள்ளாச்சியில் டேங்கை நிரப்பிவிடுங்கள். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 11 கி.மீ. கொடுக்கும் வண்டி மலை ஏறும்போது 7, 8-க்கு இறங்கும்.

நாள் 2 – பொள்ளாச்சி முதல் வால்பாறை, சுமார் 65 கி.மீ.

ஊட்டி, கொடைக்கானல் போலவே வால்பாறைக்கும் 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வேண்டும். பொள்ளாச்சியிலேயே எடுத்துக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆழியாறு வனச்சோதனைச் சாவடியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பு சொன்ன 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் பாட்டில்களும் அங்கே உதவும்.

ஆழியாறு அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசிகள் ஆரம்பம், மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு.

நீளமான வண்டிக்கு வளைவில் வரும் சங்கடம் பின்சக்கரம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, சுமார் 70 செ.மீ. உள்பக்கமாக வரும். உள்வளைவில் கல்லோ ஓடையோ இருந்தால் முன்சக்கரம் தப்பும், பின்சக்கரம் விழும். அதனால் வளைவுக்குள் நுழையும்போது உள்விளிம்பை ஒட்ட வேண்டாம். வெளிப்பக்கமாக நுழைந்து, பாதி வளைவு தாண்டியபின் ஒடியுங்கள். அதற்காக எதிர்த்தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நுழையக் கூடாது. வளைவுக்கு முன்பே மேல் அடுக்குச் சாலையை நிமிர்ந்து பார்த்தால் இறங்கி வரும் பஸ் தெரியும். பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் தேவை. அது வருகிறதென்றால் வளைவுக்குக் கீழே நேரான பகுதியில் நின்றுவிடுங்கள். மலைப்பாதையில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனாலும் பஸ் வளைவுக்குள் வந்துவிட்டபின் விதியைச் சொல்லிப் பயனில்லை.

கியர் டி-யிலேயே கிடந்தால் கியர்பெட்டி மூன்றுக்கும் நான்குக்குமாக மாறி மாறித் தவிக்கும், ஆயில் சூடேறும். லீவரைக் கையால் கியர் மாற்றும் எஸ் பக்கம் தள்ளி மூன்றில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசிக்கு மட்டும் இரண்டுக்கு இறக்கினால் இழுவை சீராக இருக்கும்.

ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ. ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கீழே தெரியும். பாறை விளிம்பில் வரையாடுகள் மேயும், சில நேரம் சாலைக்கே வந்துவிடும். உணவு கொடுக்காதீர்கள். வண்டியை நிறுத்தும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. சரிவில் ஆட்டோமேட்டிக் வண்டியை நிறுத்தி நேராக பி-யில் போட்டால், இரண்டரை டன்னும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்லின் மேல் தொங்கும். திரும்ப எடுக்கும்போது டக்கென்று ஒரு அடி கேட்குமே, அது இதனால்தான். காலால் பிரேக் பிடித்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து எடை ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி காலால் பிரேக்கை மிதித்து பி-க்குத் தள்ளுங்கள். பத்து விநாடி வேலைதான்.

பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவது பெரும்பாலும் மூன்றாம் வரிசையில். பின் அச்சுக்கு மேலேயே உட்கார்வதால் குலுக்கல் அதிகம். தரை உயர்ந்து முட்டி மார்புக்கு வரும், முன்னால் சாலை தெரியாது. மலை ஏறும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் பெண் இரண்டாம் வரிசை நடுவில் உட்காரட்டும். பாட்டி முன்னால் வரட்டும், வீட்டம்மா பின்னால் போகட்டும். கைப்பேசியும் புத்தகமும் வேண்டாம். காலை உணவு இரண்டு இட்லியோடு நின்றால் போதும்.

தாத்தா பாட்டிக்கு இந்த வண்டி ஏறுவதே ஒரு படி ஏறுகிற மாதிரி. பக்கப் படியில் இடது கால், தூணில் இருக்கும் கைப்பிடியில் கை, பிறகு உடம்பு. மழையில் அந்தப் படி வழுக்கும். சொரசொரப்பு டேப் ஓர் அடி வாங்கி ஒட்டிவிடுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், வண்டி வாங்கும் முன்பே அவர்களை ஷோரூமுக்கு அழைத்துப்போய் நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். வாங்கியபின் இருக்கை உயரத்தைக் குறைக்க வழியில்லை.

நாள் 3 – வால்பாறை, சோலையாறு பக்கம்

இரவெல்லாம் மழை. பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று, வால்பாறையிலும் அதன் சாரல் எப்போதும் உண்டு.

இந்த வண்டியின் 4x4 பகுதிநேர வகை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வேக வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஹெச்4-இல் போட்டுவிட்டுக் காய்ந்த தார்ச்சாலையில் திரும்பினால் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓடவேண்டிய சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் அச்சுகள் விறைக்கும். சேறு, ஈரப்புல், சரளைக்கல் என்றால் ஹெச்4. தார் வந்ததும் பின்சக்கரம் மட்டும் தள்ளும் ஹெச்2. வேகம் குறைந்து இழுவை கூடும் எல்4 செங்குத்துச் சேற்றுக்கும் மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கவும் மட்டும், அதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட வேண்டும். இதே வண்டியின் 4x2 வகை வைத்திருப்பவர்களுக்கு உந்துசக்தி பின்சக்கரத்துக்கு மட்டுமே போகிறது. எஸ்டேட் மண்பாதையில் மழைக்குப்பின் இறங்கவே வேண்டாம். அந்தப் பாதைகள் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தம், அனுமதியும் வேண்டும்.

ஓய்வு நாள் என்பதால் ஸ்டெப்னியை இறக்கிப் பார்க்க நல்ல நேரம். பல பேர் வண்டி விற்கும்வரை அதைப் பார்ப்பதே இல்லை. டிக்கிக்குள் இருக்காது, வண்டியின் அடியில் சங்கிலியில் தொங்குகிறது. பின்பக்கத் துளை வழியாக ஜாக்கிக் கம்பியை நுழைத்து இடப்பக்கமாகச் சுற்றினால் சக்கரம் மெல்ல இறங்கும். தரையைத் தொட்டபின் இன்னும் நான்கைந்து சுற்று, சங்கிலி தொய்ந்ததும் நடுவில் உள்ள தட்டைச் சாய்த்துத் துளை வழியாக எடுத்துவிடலாம். சேறும் துருவும் சேர்ந்து சுற்றுக்கருவி இறுகிப்போவது சகஜம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கிக் கழுவி, சங்கிலியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நடுரோட்டில் கஷ்டம் இல்லை. காற்றும் பாருங்கள். கீழே கிடப்பதால் யாரும் அடிப்பதில்லை, அவசரத்தில் இறக்கினால் அதுவும் தட்டையாகத்தான் இருக்கும். திரும்ப ஏற்றும்போது தட்டு சக்கரத்தின் நடுத்துளையில் சரியாக உட்கார வேண்டும். கம்பி இறுகி நின்றதும் சக்கரத்தைக் கையால் உலுக்குங்கள். ஆடினால் சங்கிலி கோணலாகச் சுற்றியிருக்கிறது, இறக்கி மறுபடி ஏற்றுங்கள். ஆடும் ஸ்டெப்னி குலுக்கலில் சங்கிலியை அறுத்துக்கொண்டு விழும். பின்னால் பைக்கில் வருபவரை நினைத்துப் பாருங்கள்.

ஜாக்கிக்கும் இதே எடைதான் எதிரி. ஈரமண்ணில் வைத்தால் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும். ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குலக் கனத்தில் ஒரு பலகைத்துண்டு டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். எல்லோரும் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். மூலைக்கு எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்.

மாலை ஐந்தரைக்குள் தங்குமிடம் வந்துவிடுங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்தில் யானை நடமாட்டம் என்று பொருள். பெரிய வண்டியில் இருக்கிறோம் என்ற தைரியம் யானைக்கு முன்னால் செல்லாது. ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம். வந்த வழியே மெல்லப் பின்னால் போய்விடுங்கள்.

நாள் 4 – வால்பாறை முதல் பொள்ளாச்சி, இறக்கம்

ஐந்து நாளில் முக்கியமான நாள் இது. ஏறும்போது இன்ஜின் பாரம் சுமக்கிறது, இறங்கும்போது பிரேக் சுமக்கிறது. இன்ஜினை ஆற்றுவதற்கு ரேடியேட்டர் இருக்கிறது, பிரேக்குக்குக் காற்று மட்டும்தான்.

ஒரு கணக்கு. ஆட்களோடும் சாமான்களோடும் சேர்ந்து 2.7 டன் என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, வேகம் கூடாமல் பிடித்துவைக்க வேண்டுமானால் வெளியேற வேண்டிய வெப்பம், ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அட்டகட்டியிலிருந்து ஆழியாறு வரை பல நூறு மீட்டர் இறக்கம். அத்தனை வெப்பத்தையும் நான்கு இரும்புத் தட்டுகள் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் பேட் கருகிய வாடை வரும், துணி தீய்ந்த மாதிரி. அடுத்து அதே அழுத்தத்துக்கு வண்டி நிற்கும் தூரம் கூடும். கடைசியாகப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

அந்தக் கடைசி நிலைக்குக் காரணம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. பழைய ஆயில், பேடைத் தட்டோடு அழுத்தும் காலிப்பர் சூடானதும் அதற்குள் கொதித்து ஆவிக்குமிழியாகும். திரவத்தை அழுத்தினால் பேட் நகரும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும், பேட் அசையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டரின் பில்லை ஏற்றுவதற்காக அல்ல, இதற்காகத்தான்.

ஆகவே இறக்கம் முழுவதும் வேகத்தைப் பிடிக்க வேண்டியது இன்ஜின். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழைய லாரிக்காரர்கள் விதி, ஆட்டோமேட்டிக்குக்கும் அதுவே. லீவர் எஸ் பக்கம், மைனஸ் தட்டி மூன்று. கொண்டை ஊசி நெருங்கும் முன், நேரான பகுதியிலேயே இரண்டு. இன்ஜின் சத்தம் ஏறும், 3,000 சுற்று காட்டும். புதிதாக ஓட்டுபவர்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியருக்குத் தட்டிவிடுகிறார்கள். பயம் வேண்டாம், ஆக்சிலரேட்டரை விட்டிருக்கும்போது அந்தச் சுற்று இன்ஜினை ஒன்றும் செய்யாது. அந்த நேரத்தில் டீசலும் ஏறக்குறையப் பாய்வதில்லை.

பிரேக் தேவைப்படும்போது அழுத்திப் பிடித்து 40-லிருந்து 25-க்கு இறக்கிவிட்டுக் காலை முழுக்க எடுத்துவிடுங்கள். பெடல் மேல் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவதுதான் பிரேக்கைக் கொல்கிறது, தட்டுக்கும் பேடுக்கும் நடுவே காற்று புகவே முடியாது. நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பது என்ற பேச்சே வேண்டாம். இந்தப் பாதையில் க்ரூஸ் கன்ட்ரோலையும் தொடாதீர்கள்.

வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் பி-யில் விட்டு, இருபது முப்பது நிமிடம் காற்றாட விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. சிவக்கக் காய்ந்த தட்டு திடீரென்று குளிர்ந்தால் கோணும், கீறல் விடும். பெடல் உள்ளே போய்விட்டால் வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்தியபடியே படிப்படியாக இழுங்கள், ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். வேறு வழியே இல்லையென்றால் மலைச்சுவர்ப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கிவிடுங்கள்.

ஆழியாறு சாவடி வந்ததும் இறங்கி நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். நான்கிலும் ஒரே மாதிரிச் சூடு இருந்தால் சரி. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த காலிப்பர் பிஸ்டன் இறுகி, விடுபடாமல் நிற்கிறது. அந்தச் சக்கரத்தைப் பொள்ளாச்சியிலேயே கழற்றிப் பார்த்துவிட வேண்டும், 540 கி.மீ. அப்படியே ஓட்டக் கூடாது.

நாள் 5 – பொள்ளாச்சி முதல் சென்னை

வந்த வழியே திரும்பல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். மதியச் சாப்பாட்டுக்குப்பின் இரண்டு முதல் நான்கு வரை ஓட்டுநர் மாறினால் நல்லது. அந்த நேரத்தில்தான் கண் சொக்கும்.

மொத்த ஓட்டம் உள்ளூர்ச் சுற்றோடு சேர்த்து 1,290 கி.மீ. மலையையும் சேர்த்துச் சராசரி லிட்டருக்கு 10.5 என்று எடுத்தால் 123 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் 11,300 ரூபாய் சுற்றி. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,900-க்குக் கீழே. இதே வண்டியில் இரண்டு பேர் போனால் செலவு ஏறக்குறைய அதேதான். அதனால் வருடத்தில் எத்தனை முறை ஐந்தாறு பேராகப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைக்குள் என்றால் நகரத்துக்கு ஒரு சின்ன வண்டியும், பயணத்துக்கு வாடகை வண்டியும் மலிவு. மாதா மாதம் ஊருக்குப் போகும், தாத்தா பாட்டி கூடவே இருக்கும் வீடு என்றால் இந்த வண்டி தன் விலைக்கு உழைக்கும்.

வீடு வந்த மறுநாள் காலை செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், சக்கர வளைவுகளுக்குள் அப்பிய சிவப்புமண் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவேற்றும். இருக்கைகளுக்கு அடியிலும் பாயிலும் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். முன்டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் ரம்பப்பல் மாதிரி இருந்தால் வீல் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. பேட் கனம் 3 மி.மீ.க்கு வந்திருந்தால் அடுத்த சர்வீஸ்வரை தள்ளாதீர்கள். கூலன்ட்டை இன்ஜின் முழுக்க ஆறியபின் மட்டும் பாருங்கள். கடைசியாகக் கீழே குனிந்து ஸ்டெப்னியை ஒருமுறை உலுக்கிவிடுங்கள். வால்பாறையில் ஏற்றியதற்கும் இப்போதைக்கும் நடுவே 600 கி.மீ. குலுக்கல் போயிருக்கிறது. சங்கிலி கால் சுற்றாவது இறுக இடம் கொடுக்கும்.